நம்பர் 1 அணிக்கு கோப்பை கிடைக்காதது ஏன்? மகளிர் ரக்பி தரவரிசை கணக்கிடப்படுவது எப்படி? முழு விளக்கம்

2022 நவம்பர் 12. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள ஈடன் பார்க் மைதானம். மகளிர் ரக்பி உலகக் கோப்பை இறுதிப்போட்டியைப் பார்க்க 42,579 பேர் திரண்டிருந்தார்கள். ஆட்டம் முடிய சில நொடிகளே பாக்கி. நியூசிலாந்து 34, இங்கிலாந்து 31.

பந்து இங்கிலாந்து பக்கம். எதிரணியின் கோட்டுக்கு மிக அருகில் 'லைன்-அவுட்' வாய்ப்பு. அதாவது, இரண்டு அணியும் வரிசையாக நிற்க, பக்கக் கோட்டில் இருந்து நடுவே பந்தை எறிவார்கள். அன்றைய ஆட்டத்தில் இப்படிப் பந்தைப் பிடித்து, கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போயே இங்கிலாந்து பல முறை புள்ளி எடுத்திருந்தது. இன்னொரு முறை அதைச் செய்தால் கோப்பை கைக்கு வந்துவிடும்.

பந்து எறியப்பட்டது. உயரத் தூக்கப்பட்ட நியூசிலாந்து வீராங்கனையின் கை குறுக்கே வந்தது. பந்து தவறியது. ஆட்டம் முடிந்தது.

அந்த நாள் வரை இங்கிலாந்து தொடர்ந்து 30 போட்டிகளில் வென்றிருந்தது. உலகத் தரவரிசையில் முதலிடம். தோற்ற பிறகும் முதலிடம் அவர்களிடமேதான் இருந்தது! கோப்பை ஒரு நாட்டிடம், நம்பர் 1 இடம் இன்னொரு நாட்டிடம்.

இது எப்படி சாத்தியம்? தரவரிசையை யார், எப்படி கணக்கிடுகிறார்கள்? மகளிர் ரக்பியில் என்னென்ன போட்டிகள் இருக்கின்றன? இதில் இந்தியா எங்கே இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ரக்பி என்றால் என்ன?

முட்டை வடிவப் பந்து. அணிக்கு 15 பேர். 80 நிமிட ஆட்டம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ் செய்யணும்.

எதிரணியின் கோட்டைத் தாண்டிப் போய் பந்தைத் தரையில் வைத்தால் அது 'ட்ரை'. அதற்கு 5 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் கூடுதலாக 2 புள்ளி. எதிரணி தவறு செய்து பெனால்டி கிடைத்து, அதை உதைத்து உள்ளே அனுப்பினால் 3 புள்ளி.

மகளிருக்கென்று தனி விதி இல்லை. அதே மைதானம், அதே நேரம், அதே மோதல்தான்.

இதன் குட்டி வடிவம் 'செவன்ஸ்'. அணிக்கு 7 பேர், மொத்தம் 14 நிமிடம். ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது இதைத்தான். இரண்டும் வேறு வேறு போட்டி. 15 பேர் ஆட்டத்தின் தரவரிசையில் செவன்ஸ் முடிவுகள் சேராது.

தரவரிசை எப்போது வந்தது?

ரக்பியை உலக அளவில் நடத்தும் அமைப்பு 'வேர்ல்டு ரக்பி'. ஆண்கள் அணிகளுக்கு 2003-லேயே தரவரிசையைக் கொண்டு வந்துவிட்டது. மகளிருக்கு அது வந்தது 2016-ல்தான். 13 வருட இடைவெளி!

கணக்கு எப்படி?

கிரிக்கெட், கால்பந்து தரவரிசையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். ஒவ்வொரு அணிக்கும் 0 முதல் 100 வரையிலான அளவில் ஒரு ரேட்டிங் புள்ளி உண்டு. இரண்டு அணிகள் மோதும்போது, ஜெயித்த அணிக்கு எவ்வளவு கூடுகிறதோ, அதே அளவு தோற்ற அணிக்குக் குறையும்.

சிம்பிளாகச் சொன்னால், இது பண்டமாற்று. ஒருவர் பையில் இருந்து எடுத்துத்தான் இன்னொருவர் பையில் போடுவார்கள். வெளியில் இருந்து புதிதாகப் புள்ளி எதுவும் வராது.

எவ்வளவு கை மாறும் என்பதைத் தீர்மானிப்பது, இரண்டு அணிகளின் ரேட்டிங்குக்கும் உள்ள இடைவெளி. ஓர் உதாரணம் பார்ப்போம். பொதுவான மைதானத்தில் இரண்டு அணிகள் மோதுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் ரேட்டிங் 90, இன்னொன்றின் ரேட்டிங் 85. இடைவெளி 5.

- 90 உள்ள அணி வென்றால், அதற்குக் கூடுவது 0.5 மட்டுமே. 'ஜெயிக்க வேண்டிய அணிதானே ஜெயித்தது' என்று கணக்கு.

- 85 உள்ள அணி வென்றால், அதற்கு 1.5 கூடும். எதிர்பாராத வெற்றிக்கு மதிப்பு அதிகம்.

- டிரா ஆனால், 85 உள்ள அணிக்கு 0.5 கூடும். பெரிய அணிக்கு அது இழப்புதான்.

- இரண்டும் சம ரேட்டிங் என்றால், வென்ற அணிக்கு 1 கூடும்.

- 15 புள்ளிக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றால், கை மாறும் அளவு ஒன்றரை மடங்கு.

இத்துடன், இந்த முறையை வகுத்தபோதே இன்னும் இரண்டு விதிகளைச் சேர்த்திருந்தார்கள். ஒன்று, சொந்த மண்ணில் ஆடும் அணியின் ரேட்டிங்கை 3 கூட்டி வைத்துக் கணக்குப் போடுவது. சொந்த ரசிகர்கள் முன்னால் ஜெயிப்பது எளிது என்பதால், அந்த வெற்றிக்குக் கொஞ்சம் மதிப்பு குறையும். இன்னொன்று, உலகக் கோப்பை ஆட்டங்களுக்கு இரட்டிப்பு மதிப்பு.

92-3 என்று வென்றும் பூஜ்யமா?

இதில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. இரண்டு அணிகளுக்கும் இடைவெளி 10 அல்லது அதற்கு மேல் இருந்தால், பெரிய அணி எவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றாலும் அதற்குக் கிடைப்பது பூஜ்யம்.

2025 உலகக் கோப்பையில் நார்தாம்ப்டன் நகரில் இங்கிலாந்து, சமோவா அணிகள் மோதின. முடிவு 92-3. ரேட்டிங் கணக்கில் இங்கிலாந்துக்கு இதனால் எந்த லாபமும் இல்லை. சமோவாவுக்கு நஷ்டமும் இல்லை.

ஆனால் அன்று மைதானத்தில் நடந்ததே வேறு. முந்தைய ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 73-0 என்று தோற்ற அணி சமோவா. அதன் வீராங்கனைகள் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ரக்பி ஆடுபவர்கள். இங்கிலாந்துக்கு எதிராக அவர்கள் ஒரு பெனால்டியை உதைத்து 3 புள்ளி எடுத்தபோது, இங்கிலாந்து ரசிகர்களே எழுந்து ஆரவாரம் செய்தார்கள். அந்த உலகக் கோப்பையில் சமோவா எடுத்த முதல் புள்ளிகள் அவை.

அப்போ 2022-ல் நடந்தது என்ன?

இப்போது ஈடன் பார்க் புதிருக்கு வருவோம். தரவரிசை என்பது ஒரு நாள் ஆட்டத்தின் தீர்ப்பு அல்ல. பல வருட ஆட்டங்கள் சேர்ந்த கூட்டுத்தொகை. இங்கிலாந்து 30 ஆட்டங்களில் சேர்த்த ரேட்டிங்கை, ஒரே தோல்வி முழுசாகக் கரைத்துவிட முடியாது. உலகக் கோப்பையோ நாக்-அவுட். ஒரே ஒரு நாள் சறுக்கினால் கதை முடிந்தது.

அன்று இங்கிலாந்து சறுக்கவும் காரணம் இருந்தது. 14-0 என்று முன்னிலையில் இருந்த அணி, 18-வது நிமிடத்தில் ஒரு வீராங்கனை சிவப்பு அட்டை வாங்கியதால் மீதி 62 நிமிடமும் 14 பேருடன் ஆடியது. அப்படியும் தோற்றது 3 புள்ளியில்தான்.

நியூசிலாந்தின் கதையும் சாதாரணமானதல்ல. 2021 இறுதியில் ஐரோப்பா போன அந்த அணி, இங்கிலாந்திடம் இரண்டு முறை, பிரான்ஸிடம் இரண்டு முறை என நான்கு ஆட்டங்களிலும் படுதோல்வி. அதன் பிறகு பயிற்சியாளர் மாறி, வெய்ன் ஸ்மித் வந்தார். ஒரு வருடத்தில் உலகச் சாம்பியன். தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கவே முடியாது.

அந்தத் தோல்விக்குப் பிறகு இங்கிலாந்து வரிசையாக 33 ஆட்டங்களில் வென்றது. 33-வது வெற்றிதான் 2025 செப்டம்பர் 27 அன்று லண்டன் ட்விக்கன்ஹாமில் நடந்த உலகக் கோப்பை இறுதிப்போட்டி. கனடாவை 33-13 என்று வீழ்த்தியது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் 64 ஆட்டங்கள், ஒரே ஒரு தோல்வி. அந்த ஒன்றும் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில்!

தரவரிசையால் என்ன பயன்?

வெறும் பெருமைக்கு மட்டுமல்ல. உலகக் கோப்பையில் எந்த அணி எந்தப் பிரிவில் ஆடும் என்பதற்கான குலுக்கல், தரவரிசையை வைத்துத்தான் நடக்கிறது. 2025 உலகக் கோப்பையில் 16 அணிகள். முதல் நான்கு இடங்களில் இருந்த இங்கிலாந்து, கனடா, நியூசிலாந்து, பிரான்ஸ் நான்கும் நான்கு வெவ்வேறு பிரிவில் வைக்கப்பட்டன. கடைசியில் அரையிறுதிக்கு வந்ததும் அதே நான்கு அணிகள்தான்.

மேலே இருந்தால் தொடக்கத்திலேயே பலமான அணியைச் சந்திக்கத் தேவையில்லை. கீழே இருந்தால் முதல் வாரமே மலையோடு மோதணும். பட்டியலில் ஓர் இடம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இவ்வளவு விலை உண்டு.

உலகக் கோப்பை வந்த கதை

இன்று 80 ஆயிரம் பேர் பார்க்கும் இந்தப் போட்டியை ஆரம்பித்தது எந்த அமைப்பும் இல்லை. லண்டனில் உள்ள ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த டெபோரா கிரிஃபின், சூ டாரிங்டன், ஆலிஸ் கூப்பர், மேரி ஃபோர்சித் ஆகிய நான்கு பெண்கள்தான்.

1991 ஏப்ரலில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் 12 அணிகளை வைத்து முதல் உலகக் கோப்பையை நடத்தினார்கள். சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் கிடையாது. பெரிய ஸ்பான்சர் கிடையாது. அணிகள் சொந்தச் செலவில் வந்தன. சோவியத் அணி கையில் காசில்லாமல் வந்து, கொண்டுவந்த வோட்கா பாட்டில்களையும் பொம்மைகளையும் விற்றுச் செலவைச் சமாளிக்கப் பார்த்தது. இறுதிப்போட்டியில் இங்கிலாந்தை 19-6 என்று வென்று அமெரிக்கா முதல் சாம்பியன் ஆனது.

அடுத்த உலகக் கோப்பை 1994-ல் நெதர்லாந்தில் நடப்பதாக இருந்தது. சர்வதேச அமைப்பு அங்கீகாரம் தர மறுக்க, நெதர்லாந்து விலகியது. போட்டியே நடக்காது என்ற நிலையில், ஸ்காட்லாந்து வீராங்கனைகள் 'நாங்கள் நடத்துகிறோம்' என்று முன்வந்தார்கள். சுமார் 90 நாட்களில் எல்லா ஏற்பாட்டையும் செய்து முடித்தார்கள். அந்த முறை இங்கிலாந்து சாம்பியன்.

சர்வதேச அமைப்பின் அங்கீகாரத்தோடு நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பை, 1998-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்ததுதான்.

இந்தக் கதையில் ஓர் அழகான முடிவும் உண்டு. அந்த நான்கு பெண்களில் ஒருவரான டெபோரா கிரிஃபின், 2025-ல் இங்கிலாந்தின் ரக்பி சங்கத்துக்குத் தலைவர் ஆனார். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

இதுவரை சாம்பியன்கள் யார்?

- 1991: அமெரிக்கா
- 1994: இங்கிலாந்து
- 1998: நியூசிலாந்து
- 2002: நியூசிலாந்து
- 2006: நியூசிலாந்து
- 2010: நியூசிலாந்து
- 2014: இங்கிலாந்து
- 2017: நியூசிலாந்து
- 2021 (கொரோனாவால் 2022-ல் நடந்தது): நியூசிலாந்து
- 2025: இங்கிலாந்து

நியூசிலாந்து 6, இங்கிலாந்து 3, அமெரிக்கா 1. இதில் கவனிக்க வேண்டியது, பத்து இறுதிப்போட்டிகளில் ஒன்பதில் இங்கிலாந்து ஆடியிருக்கிறது. 1998 மட்டும்தான் விதிவிலக்கு. ஆறு முறை இறுதிவரை வந்து தோற்ற அணி அது.

ஆண்டுதோறும் நடக்கும் போட்டிகள் என்னென்ன?

உலகக் கோப்பை எப்போதாவதுதான் வரும். நடுவில் ரேட்டிங் ஏறுவதும் இறங்குவதும் கீழே உள்ள தொடர்களில்தான்.

சிக்ஸ் நேஷன்ஸ்: இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி ஆகிய ஆறு நாடுகள் ஆடும் ஐரோப்பியத் தொடர். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடனும் மோதும். ஐந்திலும் வென்றால் அதற்குப் பெயர் 'கிராண்ட் ஸ்லாம்'. 2019 முதல் 2025 வரை தொடர்ந்து ஏழு முறை இங்கிலாந்துதான் சாம்பியன். ஆனால் 2025-ல் கடைசி ஆட்டத்தில் பிரான்ஸை வென்றது 43-42 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்!

பசிபிக் ஃபோர்: நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய நான்கு அணிகளின் தொடர். 2021-ல் தொடங்கியது. 2024 மே மாதம் கிறைஸ்ட்சர்ச் நகரில் கனடா 22-19 என்று நியூசிலாந்தை வென்றது. கனடா மகளிர் அணி நியூசிலாந்தை வீழ்த்தியது வரலாற்றில் அதுவே முதல் முறை. அடுத்த வருடம் உலகக் கோப்பை அரையிறுதியிலும் 34-19 என்று மீண்டும் வென்று, 'அது ஒரு நாள் அதிர்ஷ்டம் இல்லை' என்று காட்டியது.

டபிள்யூ.எக்ஸ்.வி: 2023-ல் வேர்ல்டு ரக்பி தொடங்கிய தொடர். 'எக்ஸ்.வி' என்பது ரோமன் எண்ணில் 15. ஆறு ஆறு அணிகளாக மூன்று அடுக்கு, மொத்தம் 18 அணிகள். சிக்ஸ் நேஷன்ஸில் முதல் மூன்று இடம், பசிபிக் ஃபோரில் முதல் மூன்று இடம் பிடித்தவை மேல் அடுக்கில் ஆடின. 2023, 2024 இரண்டு முறையும் மேல் அடுக்கில் இங்கிலாந்து வென்றது.

அயர்லாந்தைப் பாருங்கள்!

இந்தப் புதிய தொடர் ஏன் முக்கியம்? அயர்லாந்து அணியின் பயணத்தைப் பார்த்தால் புரியும்.

2021 செப்டம்பரில் இத்தாலியில் நடந்த தகுதிச்சுற்றில் ஸ்பெயினிடம் ஒரு புள்ளியில், ஸ்காட்லாந்திடம் இரண்டு புள்ளியில் தோற்று, உலகக் கோப்பைக்கே போக முடியாமல் வீட்டில் இருந்த அணி அயர்லாந்து. 2023 சிக்ஸ் நேஷன்ஸில் ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. கடைசி இடம்.

அதனால் டபிள்யூ.எக்ஸ்.வி-யில் அவர்களுக்குக் கிடைத்தது அடிமட்டமான மூன்றாம் அடுக்கு. துபாயில் கஜகஸ்தான், கொலம்பியா, ஸ்பெயின் அணிகளை வென்று அந்த அடுக்கின் கோப்பையை எடுத்தார்கள். 2024 சிக்ஸ் நேஷன்ஸில் மூன்றாம் இடம். அந்தத் தொடரில் இங்கிலாந்திடம் 88-10 என்று அடி வாங்கியும் தாக்குப்பிடித்தார்கள். மூன்றாம் இடம் என்பதால் நேராக மேல் அடுக்குக்குப் போனார்கள்.

அங்கே முதல் ஆட்டத்திலேயே எதிரே உலகச் சாம்பியன் நியூசிலாந்து. 2024 செப்டம்பர் 29, கனடாவின் வான்கூவர் நகரம். முடிவு: அயர்லாந்து 29, நியூசிலாந்து 27. 88-10 தோல்வி நடந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

2025 உலகக் கோப்பை காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக இடைவேளையில் 13-0 என்று முன்னிலை. கடைசியில் 18-13 என்று தோற்றார்கள். ஆனால் இரண்டே வருடத்தில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார்கள்!

மேல் அடுக்கில் இடம் கிடைக்காமல் இருந்திருந்தால், அயர்லாந்துக்கு நியூசிலாந்தோடு அந்த ஆட்டமே கிடைத்திருக்காது. ரேட்டிங் கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். பெரிய அணியை வென்றால்தான் பெரிய லாபம். பெரிய அணியோடு மோத வாய்ப்பே வராவிட்டால், எவ்வளவு திறமை இருந்தாலும் ரேட்டிங் அசையாது. ஆடாத அணிக்குத் தரவரிசையில் ஏற வழியே இல்லை.

பணமும் ஒரு காரணம்

யாருக்கு அதிக ஆட்டம் கிடைக்கிறது, யார் முழுநேரமும் பயிற்சி எடுக்க முடிகிறது என்பதைத் தீர்மானிப்பதில் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்து சங்கம் 2019 தொடக்கத்தில் 28 வீராங்கனைகளுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. அந்த ஆண்டில் இருந்துதான் சிக்ஸ் நேஷன்ஸில் அவர்களின் ஏழு ஆண்டு ஆதிக்கம் தொடங்குகிறது.

கனடாவின் நிலை வேறு. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தபோதே, உலகக் கோப்பைக்குத் தயாராக 10 லட்சம் கனடிய டாலர் இலக்கு வைத்து மக்களிடம் நன்கொடை திரட்டியது அந்த நாட்டுச் சங்கம். அப்படித் திரட்டிய பணத்தோடு போன அணிதான் நியூசிலாந்தை வெளியேற்றி இறுதிப்போட்டிக்கு வந்தது.

செவன்ஸும் ஒலிம்பிக்கும்

மகளிர் செவன்ஸ் ரக்பி ஒலிம்பிக்குக்கு வந்தது 2016 ரியோவில். முதல் தங்கம் ஆஸ்திரேலியாவுக்கு. அடுத்து டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் நியூசிலாந்துக்குத் தங்கம். டோக்கியோவில் ஃபிஜி வெண்கலம் வென்றது.

பாரிஸில் வெண்கலப் போட்டிதான் பரபரப்பு. கடைசி நொடியில் அமெரிக்க வீராங்கனை அலெக்ஸ் செட்ரிக், பெரும்பகுதி மைதானத்தைக் கடந்து ஓடி ட்ரை எடுக்க, ஆஸ்திரேலியாவை 14-12 என்று அமெரிக்கா வென்றது. இந்த வெற்றிக்குப் பிறகு, தொழிலதிபர் மிஷெல் காங் அமெரிக்க மகளிர் செவன்ஸ் அணிக்கு நான்கு ஆண்டுகளில் 40 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். ஒரு ஓட்டம் ஓர் அணியின் வரவு செலவையே மாற்றிவிட்டது!

இந்தியா எங்கே?

இந்திய மகளிர் 15 பேர் அணி முதன்முதலில் சர்வதேச ஆட்டத்தில் இறங்கியது 2018-ல், ஆசிய ரக்பி தொடரில். ஆடிய இடம் சிங்கப்பூர். அந்த முறை வெற்றி கிடைக்கவில்லை.

அடுத்த வருடம், 2019 ஜூனில் பிலிப்பைன்ஸின் மணிலாவில் அதே சிங்கப்பூரைச் சந்தித்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி. ஒடிசாவைச் சேர்ந்த சுமித்ரா நாயக் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. இந்தியா 21, சிங்கப்பூர் 19. இந்திய மகளிர் அணியின் முதல் 15 பேர் சர்வதேச வெற்றி அது.

செவன்ஸிலும் இந்தியா ஆடி வருகிறது. 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் அணி களமிறங்கியது.

ஆனால் ஆசியாவில் ஜப்பான், ஹாங்காங், கஜகஸ்தான் ஆகியவை உலகக் கோப்பையில் ஆடிய அனுபவம் உள்ள அணிகள். 2025 உலகக் கோப்பைக்கு ஆசியாவில் இருந்து போனது ஜப்பான் மட்டும்தான். இந்தியா அந்த வரிசைக்கு வர, முதலில் தேவை கூடுதல் ஆட்டங்கள். அயர்லாந்து கதை சொல்லும் பாடமும் அதுதான்.

அடுத்து என்ன?

டபிள்யூ.எக்ஸ்.வி தொடர் 2026 முதல் புதிய வடிவத்துக்கு மாறுகிறது. முன்னணி 12 அணிகள் ஒரே இடத்தில் கூடாமல், சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலும் ஆடும் முறை இது. ஒலிம்பிக் செவன்ஸ் 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில். அடுத்த மகளிர் உலகக் கோப்பை 2029-ல் ஆஸ்திரேலியாவில். 2033-ல் அமெரிக்காவில்.

கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. 2025 உலகக் கோப்பைக்கு 4.4 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. இறுதிப்போட்டியை நேரில் பார்த்தவர்கள் 81,885 பேர். மகளிர் ரக்பி ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை இவ்வளவு பேர் வந்ததில்லை.

தரவரிசையைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

- இடத்தை மட்டும் பார்க்காமல், ரேட்டிங் இடைவெளியையும் பாருங்கள். ஓர் இடம்தான் வித்தியாசம் என்றாலும் இடைவெளி பல புள்ளிகள் இருக்கலாம்.

- கடைசியாக அந்த அணி யாரோடு ஆடியது என்று பாருங்கள். சின்ன அணிகளை மட்டும் வென்று ரேட்டிங்கை ஏற்ற முடியாது.

- எத்தனை ஆட்டம் ஆடியது என்று பாருங்கள். கீழே இருக்கும் அணி பலவீனமான அணிதான் என்று அவசியமில்லை. ஆட வாய்ப்பே கிடைக்காத அணியாகவும் இருக்கலாம்.

1991-ல் கார்டிஃபில் கூடிய 12 அணிகளுக்குத் தரவரிசை இல்லை, அங்கீகாரம் இல்லை, பணமும் இல்லை. ஆடுவதற்கு ஒரு போட்டி வேண்டும் என்று நான்கு பெண்கள் நினைத்தார்கள். அந்தப் போட்டி வந்த பிறகுதான் அங்கீகாரம் வந்தது, தரவரிசை வந்தது, 81 ஆயிரம் ரசிகர்கள் வந்தார்கள். இன்று பட்டியலின் அடியில் இருக்கும் அணிகளும் கேட்பது அதையேதான்: ஆட இன்னும் கொஞ்சம் போட்டிகள்.